சோலைக்காட்டு வெளிச்சத்தில் லென்ஸின் ஸ்டெபிலைசேஷன்: எதைத் தாங்கும், எதைத் தாங்காது?

கோத்தகிரிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. தோட்ட வேலை இல்லாத நேரங்களில் லாங்வுட் சோலையின் ஓரத்தில் நின்று பறவைகளைப் படம் எடுத்து வருகிறேன். என்னிடம் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார் (முழு அளவு சென்சாரைவிடச் சிறியது) கொண்ட 24 மெகாபிக்ஸல் டிஎஸ்எல்ஆர் கேமராவும், 150–600 மி.மீ. ஜூம் லென்ஸும், ஒரு மேக்ரோ லென்ஸும். இரண்டு லென்ஸ்களிலும் ஸ்டெபிலைசேஷன், அதாவது கை ஆட்டத்தால் படம் கலங்காமல் ஈடுகட்டும் அமைப்பு, உண்டு. நான்கு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை இரு மடங்காக்குவது) ஈடுகொடுக்கும் என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் எனக்குக் கிடைக்கும் படங்களைப் பார்த்தால் அந்த வசதி வேலை செய்கிறதா என்றே ஐயமாக இருக்கிறது. சோலைக்குள் பாசி படர்ந்த கிளையில் அமர்ந்து கூவிய நீலகிரி சிரிப்பானை 600 மி.மீ.இல், 1/80 வினாடியில் எடுத்தேன். பறவையின் தலை முழுவதும் கலங்கிவிட்டது. முதுமலையில் வாகனத்தில் அமர்ந்தபடி எடுத்த காட்டெருமைப் படங்களில் ஷட்டர் வேகம் இதைவிடக் கூடுதலாக இருந்தும் ஓரிடம்கூடத் தெளிவாக இல்லை. இரவில் டிரைபாடில் வைத்து, மேட்டுப்பாளையம் பக்கத்துச் சமவெளி விளக்குகளை 15 வினாடி திறந்து எடுத்தபோது ஒவ்வொரு விளக்கும் வால் முளைத்ததுபோல் வளைந்து பதிந்திருந்தது. தேயிலை இலையில் ஒட்டியிருக்கும் சிவப்புச் சிலந்திப்பூச்சிகளை மேக்ரோ லென்ஸால் எடுக்கும்போதோ, ஸ்டெபிலைசேஷனை இயக்கினாலும் நிறுத்தினாலும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. போதாக்குறைக்கு, ஜூம் லென்ஸைப் பையிலிருந்து எடுக்கும்போது உள்ளே ஏதோ தளர்ந்து ஆடுவதுபோல் சத்தமும் கேட்கிறது.

கோயம்புத்தூரில் விசாரித்த ஒரு கடையில், லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் பழைய முறை என்றும், கேமராவுக்குள்ளேயே அந்த வசதி உள்ள மிரர்லெஸ் பாடிக்கு (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத கேமரா உடலுக்கு) மாறினால் எல்லாம் சரியாகும் என்றும் சொன்னார்கள். அது சிறிய தொகை இல்லை என்பதால் அதற்கு முன் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். என் லென்ஸ் பழுதாகியிருக்கிறதா, அல்லது அதனிடம் நான் எதிர்பார்ப்பதுதான் தவறா?

குன்னூர் பழுதுநீக்குநர் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன படங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் கெட்டிருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. லென்ஸைத் திறந்து பார்த்துப் பழகியவன் என்ற முறையில், உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்; அது புரிந்துவிட்டால் எந்தப் படத்தில் யார் மீது குறை என்பதை நீங்களே பிரித்துவிடலாம்.

லென்ஸ் குழாயின் உட்பகுதியில் ஒரு சிறிய கண்ணாடித் தொகுதி மட்டும் மேலும் கீழும், இடமும் வலமுமாக நகரக்கூடியபடி பொருத்தப்பட்டிருக்கும். அதன் அருகே இரண்டு ஜைரோ சென்சார்கள் இருக்கும். ஜைரோ என்றதும் பம்பரம்போல் சுழலும் பொருளை நினைக்க வேண்டாம்; ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும் மிகச் சிறிய துண்டுதான் அது. லென்ஸ் திரும்பும்போது கோரியோலிஸ் விசையால் அந்த அதிர்வின் போக்கு மாறுவதை வைத்து, திரும்பும் வேகம் கணக்கிடப்படுகிறது. ஒரு சென்சார் லென்ஸின் முனை மேலும் கீழும் சாய்வதை அளக்கும், மற்றொன்று இடவலமாகத் திரும்புவதை அளக்கும். அந்த அளவுகளைப் பெறும் சிறிய கணிப்பொறிச் சில்லு, கம்பிச்சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையிலான விசையைக் கொண்டு கண்ணாடித் தொகுதியை நகர்த்தி, பிம்பத்தைக் கேமராவின் படச் சென்சாரில் பழைய இடத்திலேயே நிறுத்தப் பார்க்கிறது. கண்ணாடி உண்மையில் எங்கே நிற்கிறது என்பதை காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சார்கள் தொடர்ந்து திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியதும் லென்ஸிலிருந்து வரும் மெல்லிய ரீங்காரம் இந்த அமைப்பு விழித்துக்கொண்டதன் ஒலிதான்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஜைரோக்களுக்குத் தெரிவதெல்லாம் லென்ஸ் எந்தக் கோணத்தில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பது மட்டுமே. எதிரே பறவை இருக்கிறதா, பாறை இருக்கிறதா, அது அசைகிறதா என்பதையெல்லாம் அறிய அதற்கு வழியே இல்லை.

கோணத்தை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறோம் என்று கேட்டால், தொலைவில் உள்ள பொருளைப் பொறுத்தவரை பிம்பம் நகரும் தூரம் குவியத் தூரத்தையும் (லென்ஸின் மேல் மி.மீ.இல் குறித்திருக்கும் எண்) சாய்வுக் கோணத்தையும் சார்ந்தது. உங்கள் கை ஒரு பாகையின் நூற்றில் ஒரு பங்கு அளவே சாய்ந்தாலும் 600 மி.மீ. லென்ஸில் பிம்பம் ஏறத்தாழ 0.1 மி.மீ. நகர்ந்துவிடும். உங்கள் கேமராவில் ஒரு பிக்ஸல் சுமார் 0.004 மி.மீ. அகலம் இருக்கும் என்பதால், அது இருபத்தைந்து பிக்ஸல்களுக்கும் மேற்பட்ட கலக்கம். அதே சாய்வு 50 மி.மீ. லென்ஸில் இரண்டு பிக்ஸல் அளவுதான் தெரியும். டெலி லென்ஸ்களுக்கு, அதாவது குவியத் தூரம் அதிகமுள்ள லென்ஸ்களுக்கு, இந்த வசதி முதலில் தேவைப்பட்டதன் காரணமும் இதுவே. மாற்றக்கூடிய எஸ்எல்ஆர் லென்ஸ்களில் முதன்முதலாக 1995இல் இதைக் கொண்டுவந்தது கேனனின் 75–300 மி.மீ. ஜூம், அன்று அது ஈடுகொடுத்தது இரண்டு ஸ்டாப்தான். இன்று கேனன் ஐஎஸ் என்றும், நிக்கான் விஆர் என்றும், டாம்ரான் விசி என்றும், சிக்மா ஓஎஸ் என்றும், சோனி ஓஎஸ்எஸ் என்றும் பெயரிட்டிருப்பது எல்லாம் அடிப்படையில் இதே வேலையைச் செய்பவைதான்.

இப்போது உங்கள் சிரிப்பான் படத்துக்கு வருவோம். குவியத் தூரத்தின் தலைகீழ் அளவுக்குக் குறையாத ஷட்டர் வேகம் வேண்டும் என்ற பழைய கணக்கின்படி, ஏபிஎஸ்-சி சென்சாரில் 600 மி.மீ. என்பது 900 மி.மீ.க்கு நிகர் என்பதால், கையில் பிடித்து எடுக்க 1/900 வினாடி தேவை. நீங்கள் எடுத்தது 1/80. அதாவது மூன்றரை ஸ்டாப் குறைவு. நான்கு ஸ்டாப் என்று சொல்லப்பட்ட லென்ஸுக்கு அது எட்டக்கூடிய எல்லைதான். எனவே அந்தப் படத்தை மறுபடியும் முழு அளவில் பெரிதாக்கி, பறவை அமர்ந்திருந்த கிளையின் பாசியை மட்டும் பாருங்கள். பாசி தெளிவாக இருந்து பறவையின் தலை மட்டும் கலங்கியிருந்தால், லென்ஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. தலையை ஆட்டியது பறவை.

டிரைபாட் படத்தில் நடந்தது வேறு. ஜைரோவின் அளவில் எப்போதும் சிறிதளவு தாறுமாறான பிழையும் மெல்லிய விலகலும் இருக்கும். கையில் பிடித்திருக்கும்போது கையின் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் அது பொருட்டே இல்லை. அசையாத டிரைபாடில் பல வினாடிகள் திறந்து வைக்கும்போது, இல்லாத அசைவை இருப்பதாக நம்பி அமைப்பு கண்ணாடியை மெல்ல நகர்த்திக்கொண்டே போகும். விளக்குகளுக்கு வால் முளைத்தது அதனால்தான். 1999இல் வந்த கேனனின் பெரிய டெலி லென்ஸ்கள் தொடங்கி, டிரைபாடில் இருப்பதை உணர்ந்து தானாக நடந்துகொள்ளும் லென்ஸ்களும் உண்டு. ஆனால் உங்கள் லென்ஸ் அந்த வகை என்று கையேட்டில் எழுதியிருந்தால் தவிர, டிரைபாடில் ஏற்றியதும் பக்கத்திலுள்ள பொத்தானை நிறுத்தத்தில் வைத்துவிடுங்கள். 1/2000 போன்ற அதிவேகங்களிலும் நிறுத்திவிடுவதே என் வழக்கம். அங்கே அதற்கு வேலை இல்லை.

மசினகுடிக்காரர் எழுதியது:

குன்னூர் ஐயா சொன்ன விளக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதிவேகத்தில் நிறுத்திவிட வேண்டும் என்ற கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. டிஎஸ்எல்ஆர் கேமராவில் வ்யூஃபைண்டரிலும் ஆட்டோஃபோகஸ் சென்சாரிலும் விழுவது லென்ஸ் வழியாக வரும் அதே பிம்பம்தான். 600 மி.மீ.இல் பிம்பம் துள்ளிக்கொண்டிருந்தால் ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் கண் மீது வைத்திருப்பதே கடினம். ஷட்டர் வேகத்துக்கு ஸ்டெபிலைசேஷன் தேவையில்லாத இடத்திலும் குறிபார்ப்பதற்கு அது தேவைப்படுகிறது. பறக்கும் கழுகைத் துரத்தும்போது மட்டும் நான் நிறுத்துகிறேன். கிளையில் அமர்ந்த பறவைக்கு எந்த வேகத்திலும் இயக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். பாதி அழுத்தியவுடனே முழுவதும் அழுத்திவிடாமல், பிம்பம் வ்யூஃபைண்டரில் வந்து நிலைகொள்ளும் வரை ஒரு கணம் பொறுத்திருப்பதும் அவசியம்.

வாகனத்தில் எடுத்த காட்டெருமைப் படத்துக்கு எஞ்சினைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். கையின் நடுக்கம் பெரும்பாலும் வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறைக்குள் அடங்கிவிடும். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் நின்ற இடத்தில் ஓடினாலே வினாடிக்கு இருபத்தாறு முறைக்கு மேல் உதைக்கும். அந்த உதை இருக்கையிலும், கம்பியிலும், கம்பி மேல் ஊன்றிய முழங்கையிலும் ஏறி லென்ஸுக்கு வந்துவிடுகிறது. ஜப்பானின் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிப்பா 2012இல் வகுத்த அளவீட்டு முறையில், கையால் பிடித்தால் உண்டாகும் ஆட்டத்தை ஓர் அதிர்வு மேசையில் உருவாக்கி அதன் மேல் கேமராவை வைத்துத்தான் ஸ்டாப் எண்ணிக்கையைக் கணிக்கிறார்கள். சஃபாரி வண்டியின் குலுக்கலுக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. வாகனத்திலிருந்து எடுப்பதற்கென்று நிக்கான் தன் சில லென்ஸ்களில் ‘ஆக்டிவ்’ என்று தனி நிலையே வைத்திருக்கிறது. உங்கள் லென்ஸில் அப்படி ஒன்று இருந்தால் பயன்படுத்திப் பாருங்கள். இல்லாவிட்டால் கம்பியில் கையை ஊன்றாமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பயறு நிரப்பிய துணிப்பையின் மேல் லென்ஸைக் கிடத்துங்கள். எஞ்சினை நிறுத்தும்படி ஓட்டுநரிடம் கேட்பதே சிறந்த வழி. பக்கத்தில் யானை நின்றால் மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அவர் எஞ்சினை ஓடவிட்டிருப்பதற்குக் காரணம் இருக்கும்.

சோலைக்குள் நான் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். ஒளி நுழையும் துளை எஃப் 6.3க்கு மேல் திறக்காத லென்ஸோடு காலையிலும் மாலையிலும் உள்ளே போனால் வெளிச்சம் போதாது என்பது உண்மைதான். அதற்காக ஷட்டர் வேகத்தை 1/80க்கு இறக்கி ஸ்டெபிலைசேஷன் மீது பாரத்தைப் போடுவதைவிட, 1/320க்குக் குறையாமல் வைத்துக்கொண்டு சென்சாரின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 3200க்கோ 6400க்கோ ஏற்றிவிடுவது மேல். புள்ளிப்புள்ளியாகத் தெரியும் இரைச்சலை மென்பொருளில் ஓரளவு குறைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆடிப்போன தலையை எந்த மென்பொருளாலும் ஒழுங்காகத் திருத்த முடிந்ததை நான் கண்டதில்லை. நீலகிரி ஈப்பிடிப்பான்போல் ஓரிடத்தில் சற்று நேரம் அமர்ந்து பார்க்கும் பறவையானால் 1/125 வரை இறங்கலாம். அப்போதும் ஒரே படமாக எடுக்காமல் தொடர்ச்சியாக நாலைந்து எடுங்கள், ஏனெனில் பொத்தானை அழுத்தும் விரலின் உதறல் முதல் படத்தில்தான் அதிகமாக இருக்கும்.

கோத்தகிரிவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி சிரிப்பான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிளையின் பாசியில் இழை இழையாகத் தெளிவு இருக்கிறது. பறவையின் வாலும் வயிறும்கூட ஓரளவு தெளிவுதான், தலையும் அலகும் மட்டுமே இரட்டையாகத் தெரிகின்றன. கூவும்போது தலை ஆடியிருக்க வேண்டும். டிரைபாட் படத்தை இன்றிரவு ஸ்டெபிலைசேஷனை நிறுத்திவிட்டு மீண்டும் எடுத்துப் பார்க்கிறேன்.

மேக்ரோ பற்றியும் பாடி மாற்றுவது பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? கேத்திக்கும் லவ்டேலுக்கும் இடையே மலை ரயில் போகும்போது, பின்னணி கோடுகளாக ஓட, ரயில் மட்டும் தெளிவாக நிற்கும்படி எடுக்கவும் ஆசை இருக்கிறது. அதற்கு ஸ்டெபிலைசேஷனை நிறுத்த வேண்டுமா?

கொடைக்கானல் பூச்சிப்படக்காரர் எழுதியது:

மேக்ரோவில் வேறுபாடு தெரியாததற்குக் காரணம், அங்கே பிம்பத்தைக் கலைப்பது கோணச் சாய்வு மட்டுமன்று, கை பக்கவாட்டில் நகர்வதும் சேர்ந்துகொள்கிறது என்பதே. இருபது மீட்டர் தொலைவில் உள்ள பறவையை 600 மி.மீ.இல் எடுக்கும்போது, சாய்வே இல்லாமல் கேமரா 0.1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால், பிம்பம் அதில் முப்பதில் ஒரு பங்கு அளவே நகரும். அது ஒரு பிக்ஸலுக்கும் குறைவு. உங்கள் சிலந்திப்பூச்சி ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது என்பதால் அதை ஒன்றுக்கு ஒன்று என்ற உருப்பெருக்கத்தில்தான் எடுத்திருப்பீர்கள். அந்த நிலையில் கை 0.1 மி.மீ. நகர்ந்தால் பிம்பமும் முழுமையாக 0.1 மி.மீ. நகரும். ஜைரோவுக்கோ இந்த நகர்வு தெரியாது. இதற்காகத்தான் கேனன் 2009இல் தன் 100 மி.மீ. எல் மேக்ரோ லென்ஸில் ஜைரோவோடு முடுக்கத்தை அளக்கும் சென்சாரையும் சேர்த்தது. அந்த லென்ஸுக்குக்கூடத் தொலைவுக் காட்சிகளில் நான்கு ஸ்டாப் என்று சொன்ன நிறுவனம், ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் இரண்டு ஸ்டாப் என்றுதான் சொன்னது. உங்கள் லென்ஸில் அந்தச் சென்சார் இல்லையென்றால் பலன் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

முன்னும் பின்னுமான அசைவு ஒன்றும் இருக்கிறது. அந்த நெருக்கத்தில் உடம்பு மூச்சோடு ஒரு மில்லிமீட்டர் முன்னே போனாலே பூச்சி ஃபோகஸிலிருந்து வெளியேறிவிடும். லென்ஸிலோ கேமராவிலோ உள்ள எந்த ஸ்டெபிலைசேஷனும் அதைச் சரிசெய்யாது. மேக்ரோவுக்கு ஃபிளாஷ்தான் என் பரிந்துரை. ஃபிளாஷின் ஒளி மிகக் குறுகிய நேரமே இருப்பதால், சுற்றுப்புற வெளிச்சத்தை அடக்கி வைத்துவிட்டால், கை ஆட்டமும் காற்றில் இலை ஆடுவதும் ஒருங்கே உறைந்துவிடும். இலை பளபளப்பதைத் தவிர்க்க ஃபிளாஷின் முன் மெல்லிய வெள்ளைத் தாளைக் கட்டினால் போதும்.

பாடி மாற்றுவதைப் பற்றி அந்தக் கடையில் சொன்னதில் பாதி உண்மை. கேமராவின் சென்சாரையே நகர்த்தும் முறைக்குச் சில தனித் திறன்கள் உண்டு. கேமரா ஒளி அச்சைச் சுற்றிச் சக்கரம்போல் உருள்வதை லென்ஸால் சரிசெய்ய முடியாது, சென்சாரால் முடியும். பக்கவாட்டு நகர்வையும் அது கவனித்துக்கொள்ளும். ஸ்டெபிலைசேஷன் இல்லாத பழைய லென்ஸையும் பொருத்திப் பயன்படுத்தலாம். 2012இல் ஒலிம்பஸின் ஈ-எம்5 மேல்கீழ்ச் சாய்வு, இடவலத் திரும்பல், உருளல், இரு திசை நகர்வுகள் ஆகிய ஐந்து வகை அசைவுகளையும் சேர்த்துக் கவனிக்கும் முறையோடு வந்தது, முழு அளவு சென்சாரில் 2014இல் சோனியின் ஏ7 இரண்டாம் மாதிரி அதைக் கொண்டுவந்தது. ஆனால் 600 மி.மீ.இல் அரைப் பாகைச் சாய்வை ஈடுகட்டச் சென்சார் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நகர வேண்டியிருக்கும். சென்சாருக்கு அவ்வளவு இடம் கிடையாது. லென்ஸின் உள்ளே உள்ள கண்ணாடியோ சிறிது நகர்ந்தே பிம்பத்தைப் பெரிதும் நகர்த்திவிடும். நீண்ட டெலி லென்ஸ்களில் மிரர்லெஸ் தயாரிப்பாளர்களும் லென்ஸுக்குள் ஸ்டெபிலைசேஷனை வைத்துக்கொண்டிருப்பது அதனால்தான். உங்களுக்குக் கெட்ட நான்கு வகைப் படங்களில் எதையும் புதிய பாடி முழுதாகக் காப்பாற்றியிருக்காது என்பது என் கணிப்பு. வேறு காரணங்களுக்காக மாறுவதானால் மாறுங்கள்.

மலை ரயிலுக்கு நிறுத்த வேண்டியதில்லை, நிலையை மாற்றினால் போதும். லென்ஸில் ‘மோட் 2’ என்று இருந்தால், நீங்கள் வேண்டுமென்றே கேமராவைத் திருப்பும் திசையை அது விட்டுவிட்டு, குறுக்கே ஏற்படும் ஆட்டத்தை மட்டும் தணிக்கும். கேனன் 1997இல் 300 மி.மீ. எஃப் 4 லென்ஸில் தொடங்கிவைத்த வசதி இது. ரயில் மெதுவாகவே போகும் என்பதால் 1/30 அல்லது அதற்கும் கீழே இறங்கினால்தான் பின்னணி கோடாகும். ரயிலை அறுநூறில் எடுக்க முயலாதீர்கள், நூற்றைம்பதே போதும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. நண்பகலில் பள்ளத்தாக்கின் எதிர்ப் பாறையில் நிற்கும் வரையாட்டை எடுத்துவிட்டு, படம் கலங்கியிருக்கிறதே என்று லென்ஸைச் சந்தேகிப்பவர்கள் இங்கே பலர். வெயிலில் சூடேறிய சரிவிலிருந்து எழும் காற்று அலையலையாக ஆடுவதால் வரும் கலக்கம் அது. ஷட்டரையும் ஸ்டெபிலைசேஷனையும் எப்படி வைத்தாலும் போகாது. விடிந்து தரை சூடாவதற்கு முன் எடுப்பதுதான் வழி.

குன்னூர் பழுதுநீக்குநர் எழுதியது:

மசினகுடிக்காரர் வ்யூஃபைண்டரைப் பற்றிச் சொன்னது நியாயம். நான் பெரும்பாலும் மேசையில் வைத்துச் சோதிப்பவன், அவர் காட்டில் பயன்படுத்துபவர்; அந்த விஷயத்தில் அவர் சொல்வதையே கேளுங்கள்.

சத்தத்தைப் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. மின்சாரம் இல்லாதபோது அந்தக் கண்ணாடித் தொகுதி பூட்டப்பட்டிருக்கும் லென்ஸ்களும் உண்டு, தளர்வாக நிற்கும் லென்ஸ்களும் உண்டு. பூட்டு உள்ள லென்ஸிலும், ஸ்டெபிலைசேஷன் இயங்கிக்கொண்டிருக்கும்போதே கேமராவை அணைத்தாலோ லென்ஸைக் கழற்றினாலோ பூட்டு விழாமல் போய், குலுக்கினால் கடகடவென்று கேட்கும். நிக்கான் தன் விஆர் லென்ஸ்களின் கையேட்டில், இது பழுது இல்லை என்றும், லென்ஸை மீண்டும் பொருத்திக் கேமராவை இயக்கினால் சரியாகிவிடும் என்றும் எழுதியிருக்கிறது. ஷட்டர் பொத்தானிலிருந்து விரலை எடுத்து, ரீங்காரம் ஓய்ந்த பிறகு கேமராவை அணைத்து, அதன் பிறகு லென்ஸைக் கழற்றும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் பைக்கில் கொண்டுபோகும்போது லென்ஸ் பையைப் பெட்டிமீது கட்டாமல் தோளில் மாட்டிக்கொள்வதும் நல்லது.

உண்மையான பழுதைக் கண்டறிய ஒரு சோதனை இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, சுமார் இருபது அடி எட்டி நின்று, 600 மி.மீ.இல் 1/125 வினாடியில் கையில் பிடித்தபடி பத்துப் படம் ஸ்டெபிலைசேஷனோடும் பத்துப் படம் அது இல்லாமலும் எடுங்கள். முதல் பத்தில் பெரும்பாலானவற்றில் எழுத்துகள் தெளிவாகவும், இரண்டாம் பத்தில் ஒன்றிரண்டு மட்டுமே தெளிவாகவும் இருந்தால் லென்ஸ் நலமாக இருக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தாலோ, பாதி அழுத்தும்போது வ்யூஃபைண்டரில் பிம்பம் ஒரு பக்கமாக எகிறிக் குதித்து நின்றாலோ, ரீங்காரத்துக்குப் பதிலாக அரைப்பதுபோல் சத்தம் வந்தாலோ அந்தத் தொகுதியில் கோளாறு இருக்கிறது என்று பொருள். அப்போது உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். முடியவில்லையென்றால் என்னைப் போன்றவர்களிடம் கொடுத்துத் திறக்க விடாமல் நிறுவனத்தின் சேவை மையத்துக்கே அனுப்பிவிடுங்கள்.